எந்தப் பதிப்பு ஏற்றப்படுகிறது? கணினிச் செயலி எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் எழுதிய செயலி உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. வேறொருவர் கணினியில் திறக்கிறது, ஆனால் அறிக்கையை அச்சிடும் பகுதியைத் தொட்டதும் விண்டோஸ் பிழை எண் 126 என்கிறது. குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். கோப்புறையைத் திறந்து பார்த்தால் அந்தப் பகுதிக்கான டிஎல்எல் கோப்பு (செயலிகள் தேவைப்படும்போது ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) அங்கேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். உண்மையில் காணாமல் போனது அந்தக் கோப்பு அல்ல; அந்தக் கோப்பு நம்பியிருக்கும் இன்னொரு கோப்பு. அதன் பெயரைப் பிழைச் செய்தி சொல்வதில்லை.

இன்றைய செயலி எதுவும் தனியாக நிற்பதில்லை. படத்தைத் திறக்க ஒரு நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு), கோப்பைச் சுருக்க ஒன்று, பாதுகாப்பான இணைப்புக்கு ஒன்று, தரவைச் சேமிக்க ஒன்று என்று பிறர் எழுதிய கூறுகளின் மேல்தான் அது உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கூறைப் பற்றியும் மூன்று கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அது எங்கிருந்து ஏற்றப்படுகிறது? எந்தப் பதிப்பு? அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது? முதல் இரண்டையும் கருவிகள் சொல்லிவிடும். மூன்றாவதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே நான் சொல்லும் பெரும்பாலான முடிவுகள் அந்த மூன்றாவது கேள்வியிலிருந்து வருபவை.

கூறுகளைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வட்டும் நினைவகமும் அரிதாக இருந்த காலத்தில் வேரூன்றியது. 1990களில் விண்டோஸ் செயலிகள் தங்கள் டிஎல்எல்களைப் பொதுவான சிஸ்டம் கோப்புறையில் கொண்டுபோய் வைத்தன. பின்னால் வந்த நிறுவி முன்னால் இருந்ததன் மேல் தன் பதிப்பை எழுதியது. நேற்றுவரை ஓடிய செயலி இன்று படுத்துவிடும். இந்த நிலைக்கு ‘டிஎல்எல் நரகம்’ என்றே பெயர் வந்தது. விண்டோஸ் 2000 தன் முக்கியமான கோப்புகளைப் பிறர் மாற்றாமல் காக்கத் தொடங்கியது. 2001-இல் வந்த எக்ஸ்பி, ஒரே கூறின் பல பதிப்புகள் அருகருகே இருக்கவும், தனக்கு எது வேண்டும் என்று செயலி ஒரு மேனிஃபெஸ்ட் (தேவைகளைச் சொல்லும் குறிப்பு) மூலம் கேட்கவும் வழி செய்தது. நரகம் அதோடு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது. இன்று அது பெரும்பாலும் நமது சொந்தக் கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பட்டியல் எடுங்கள்

எதையும் சரிசெய்யும் முன், உங்கள் செயலி எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவுடன் வரும் டம்ப்பின் கருவி, ஒரு கோப்பு நேரடியாகக் கேட்கும் டிஎல்எல்களைக் காட்டும். கிளைகளையும் சேர்த்து மரமாகப் பார்க்க ‘டிபெண்டன்சீஸ்’ என்ற திறந்தமூலக் கருவி நல்லது. லினக்ஸில் எல்டிடி, மேக்கில் ஓடூல். எல்டிடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த கோப்பின் மேல் அதை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்தக் கோப்பின் நிரலையே இயக்கிவிடக்கூடும். அத்தகைய கோப்புகளை ஆப்ஜ்டம்ப் கொண்டு பாருங்கள். அது படிக்க மட்டுமே செய்யும்.

இந்தக் கருவிகள் காட்டுவது பாதிதான். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது பெயர் சொல்லி ஏற்றும் கூறுகள், செருகுநிரல்கள் (செயலியில் பின்னர் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) ஆகியவை இந்தப் பட்டியலில் வரா. அவற்றைப் பிடிக்க விண்டோஸில் புராசஸ் மானிட்டரைத் திறந்து, உங்கள் செயலியை மட்டும் வடிகட்டி, எந்தெந்தக் கோப்பை எந்தெந்தக் கோப்புறையில் தேடுகிறது என்று கவனியுங்கள். லினக்ஸில் எல்டி_டீபக் என்ற சூழல் மாறிக்கு (செயலிகள் படிக்கும் இயங்குதள அமைப்பு) ‘லிப்ஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்டினால் லோடர் (கூறுகளைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் பகுதி) தன் தேடலை வரிவரியாகச் சொல்லும். பிழை 126-க்கு இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது. ‘இல்லை’ என்ற பதில் வரிசையாக வந்து நிற்கும் பெயர்தான் நீங்கள் தேடுவது.

வேறு இரண்டு எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 127 என்றால் கோப்பு கிடைத்தது, அதற்குள் எதிர்பார்த்த ஃபங்ஷன் இல்லை. பதிப்பு பொருந்தவில்லை என்பதற்கு இதுவே பெரும்பாலும் அடையாளம். 193 என்றால் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் கலந்துவிட்டது. இந்தக் கலப்படத்துக்கு விண்டோஸின் பெயர்களும் ஒரு காரணம். 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்டம்32 கோப்புறையில், 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 கோப்புறையில். பெயரைப் பார்த்து நகல் எடுத்தால் தலைகீழாகத்தான் போகும்.

லோடர் எங்கே தேடுகிறது

விண்டோஸில் ஒரு டிஎல்எல்லைப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால், அதே பெயரில் ஏதேனும் ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அடுத்து, ‘தெரிந்த டிஎல்எல்கள்’ என்று இயங்குதளம் வைத்திருக்கும் சிறு பட்டியல். பிறகு செயலி இருக்கும் கோப்புறை, சிஸ்டம் கோப்புறை, விண்டோஸ் கோப்புறை, நடப்புக் கோப்புறை, கடைசியாகப் பாத் என்ற சூழல் மாறியில் பட்டியலிட்டுள்ள கோப்புறைகள். இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிச் சிக்கல்கள் அவிழ்ந்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறின் மூலம். சுருக்கு நூலகம் ஒன்றை என் செயலியின் கோப்புறைக்குள் வைக்க மறந்துவிட்டேன். ஆனாலும் என் கணினியில் செயலி ஓடியது. நான் என்றோ நிறுவிய வேறொரு நிரலாக்கக் கருவி அதே பெயருள்ள டிஎல்எல்லைப் பாத்தில் வைத்திருந்தது. பயன்படுத்தியவர்களில் சிலருக்கு அந்தக் கோப்பே இல்லை. வேறு சிலருக்கு இன்னும் பழைய பதிப்பு கிடைத்து, கோப்புகள் பாதியில் வெட்டுப்பட்டன. இரண்டு நாள் என் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லவே இல்லை. அன்றிலிருந்து பாத்தை நம்பும் எதையும் நான் வெளியிடுவதில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்: உங்கள் கூறுகளைச் செயலியின் கோப்புறையில் வையுங்கள். ஓடும்போது ஏற்றுவதாக இருந்தால் முழுப் பாதையையும் கொடுத்து ஏற்றுங்கள்.

இதில் பாதுகாப்புக் காரணமும் உண்டு. செயலியின் கோப்புறை தேடலில் முன்னால் வருவதால், பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து நேரடியாக ஓட்டப்படும் ஒரு நிறுவி, அதே கோப்புறையில் யாரோ நயவஞ்சகமாக இறக்கிவைத்த டிஎல்எல்லை ஏற்றிவிடக்கூடும்.

லினக்ஸில் தேடும் இடத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம். ‘செயலி இருக்கும் இடத்திலிருந்து’ என்று பொருள்படும் ஆரிஜின் என்ற சொல்லை ரன்பாத்தில் (கோப்புக்குள் எழுதும் அந்தத் தேடல் பாதையில்) பயன்படுத்தினால் கோப்புறையை எங்கே நகர்த்தினாலும் வேலை செய்யும். ரன்பாத் நேரடிச் சார்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் நூலகம் கேட்கும் நூலகத்துக்கு அதன் ரன்பாத்தைத் தனியே எழுத வேண்டும். மேக்கில் கதை வேறு. ஒவ்வொரு நூலகமும் தன் முகவரியைத் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. லிங்க் செய்யும்போது (நூலகத்தைச் செயலியோடு இணைக்கும்போது) அந்த முகவரி உங்கள் செயலிக்குள் அப்படியே நகலாகிறது. அது உங்கள் கணினியில் மட்டும் உள்ள ஒரு முழுப் பாதையாக இருந்தால் பிறர் கணினியில் நிச்சயம் தோற்கும். இன்ஸ்டால்_நேம்_டூல் கொண்டு அதை ஆர்பாத்துக்கு (செயலி தரும் தேடல் பாதையில் பார்க்கச் சொல்லும் குறிக்கு) மாற்றுங்கள். மாற்றியபின் டிஜிட்டல் கையொப்பத்தை மறுபடியும் இடுங்கள், பழைய கையொப்பம் செல்லாது.

இரண்டு ஒப்பந்தங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மிகக் கொடிய பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

ஒரு நூலகம் உங்களோடு இரண்டு ஒப்பந்தங்கள் செய்துகொள்கிறது. இரண்டின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ‘ஏபிஐ’ என்றே வரும், நடு எழுத்தின் வேறுபாடு மறைந்துவிடும். அதனால் ஒன்றை நிரல் ஒப்பந்தம் என்றும் மற்றதை இரும ஒப்பந்தம் என்றும் சொல்கிறேன். ஃபங்ஷனின் பெயர் என்ன, அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது நிரல் ஒப்பந்தம். கம்பைலர் அதைக் காவல் காக்கிறது. மீறினால் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆன பிறகு எந்தத் தரவு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது, எந்த ஃபங்ஷன் அட்டவணையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது இரும ஒப்பந்தம். பெரும்பாலான மொழிகளில் இதைக் காக்க யாரும் இல்லை.

ஓர் உதாரணம். படங்களைக் கையாளும் நூலகம் ஒன்றில் ‘படம்’ என்ற ஸ்ட்ரக்சர் (பல தரவுகளை வரிசையாக அடக்கிய அமைப்பு) இருக்கிறது. அகலம் 4 பைட், உயரம் 4 பைட். உங்கள் செயலி கம்பைல் ஆகும்போது ‘உயரம் என்பது தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி’ என்பது அதற்குள் உறைந்துவிடுகிறது. நூலகத்தை எழுதியவர் அடுத்த பதிப்பில் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே நிற ஆழம் என்று ஒன்றைச் சேர்க்கிறார். மறுபடி கம்பைல் செய்பவருக்கு எதுவும் தெரியாது, எல்லாம் சரியாகவே ஓடும். ஆனால் உங்கள் பழைய செயலியின் பக்கத்தில் புதிய டிஎல்எல்லை மட்டும் மாற்றி வைத்தால், அது உயரம் என்று நினைத்து நிற ஆழத்தைப் படிக்கும். 1,080 வரிசை உள்ள படம் 24 வரிசையாகத் தெரியும். பிழைச் செய்தி கிடையாது. இன்னும் மோசமாக, உங்கள் செயலி 8 பைட் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் நூலகம் 12 பைட் எழுதினால், பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று அழிந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் பத்து நிமிடம் கழித்துச் செயலி விழும்.

சி++ மொழியில், அட்டவணை வழியாக அழைக்கப்படும் வர்ச்சுவல் ஃபங்ஷன்களின் நடுவே புதியதை நுழைத்தாலும் இதே கதிதான். ஒரு டிஎல்எல் ஒதுக்கிய நினைவகத்தை வேறொரு சி இயக்கநேரக் கூறோடு (செயலி ஓடும்போது அடிப்படையாக நிற்கும் நூலகத்தோடு) சேர்ந்த இன்னொரு டிஎல்எல் விடுவித்தாலும் விபத்து நேரும். ஆகவே நீங்களே ஒரு பகிர்வு நூலகம் எழுதினால்: ஸ்ட்ரக்சரின் உள்ளமைப்பை வெளியே காட்டாதீர்கள், ஒரு கைப்பிடியை (அதைச் சுட்டும் அடையாளத்தை) மட்டும் கொடுங்கள். கட்டாயம் காட்ட வேண்டுமென்றால், பல விண்டோஸ் ஸ்ட்ரக்சர்களில் உள்ளதுபோல் முதல் உறுப்பாக அதன் அளவை வைத்து, புதியவற்றைக் கடைசியில் மட்டும் சேருங்கள். நீங்கள் ஒதுக்கியதை விடுவிக்கும் ஃபங்ஷனையும் நீங்களே கொடுங்கள். கூறுகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் விண்டோஸின் காம் தொழில்நுட்பத்தில் இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: வெளியிட்ட இடைமுகத்தை ஒருபோதும் மாற்றக்கூடாது; மாற்றம் வேண்டுமென்றால் புதிய அடையாள எண்ணோடு புதிய இடைமுகம். அந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

லினக்ஸ் உலகம் இந்த ஒப்பந்தத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கிறது. இரும ஒப்பந்தம் முறிந்தால் ‘எஸ்ஓநேம்’ எனப்படும் பெயரின் எண் மாற வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் 2021 செப்டம்பரில் 3.0 பதிப்பை வெளியிட்டபோது லிப்எஸ்எஸ்எல் கோப்பின் வால் எண் 1.1-இலிருந்து 3 ஆனது. பெயர் வேறானதால் இரண்டும் ஒரே கணினியில் மோதாமல் இருக்க முடிந்தது.

யார் புதுப்பிப்பது?

இப்போது உங்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கூறின் பக்கத்திலும் ஒரு பெயரை எழுதுங்கள்: இயங்குதளம், பொது இயக்கநேரம், நான்.

விண்டோஸின் அடிப்படை டிஎல்எல்கள், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, வரைகலை ஓட்டியோடு வரும் நூலகங்கள் ஆகியவற்றை இயங்குதளம் புதுப்பிக்கும். இவற்றை ஒருபோதும் மூட்டை கட்டிக் கொண்டுபோகாதீர்கள். ஜிலிப்சியில் ஒரு நுணுக்கம்: பழைய முறைமைக்காகக் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், மறுதலை நடக்காது. 2021-இல் வந்த 2.34 பதிப்பிலோ அதற்குப் பின் வந்தவற்றிலோ கம்பைல் செய்தால், மிக எளிய செயலிகூட 2.34-ஐக் கேட்டு அடம்பிடிக்கும். நீங்கள் ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய வெளியீட்டில், ஒரு கன்டெய்னருக்குள் (தனிமைப்படுத்திய சூழலுக்குள்), கம்பைல் செய்யுங்கள்.

விஷுவல் சி++ இயக்கநேரம், டாட்நெட் போன்றவை இரண்டாம் வகை. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் 2022 வரை ஒரே இயக்கநேரத் தொகுப்பு போதும். நீங்கள் கம்பைல் செய்த கருவியின் பதிப்புக்குக் குறையாததாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நிறுவி அதை ஓட்டும்போது 1638 என்று பதில் வந்தால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு நிறுவலை நிறுத்திவிடாதீர்கள். 3010 என்றால் வெற்றிதான், மறுதொடக்கம் தேவை. டாட்நெட் செயலியை இயக்கநேரத்தோடு சேர்த்தே கட்டி அனுப்பவும் முடியும். அப்படிச் செய்தால் அந்த இயக்கநேரத்தில் பாதுகாப்புத் திருத்தம் வரும் ஒவ்வொரு முறையும் புதிய வெளியீடு தர வேண்டியது நீங்கள்.

மற்ற எல்லாம் மூன்றாம் வகை. உங்கள் கோப்புறையில், நீங்கள் சோதித்த பதிப்பாக இருக்கட்டும். வட்டு இடம் சேமிக்கவென்று பிற செயலிகளோடு பகிர்ந்துகொள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தச் சேமிப்பு இன்று அற்பம், அதற்குத் தரும் விலை பெரிது. ஆனால் கூடவே வைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் நூலகத்தில் கடுமையான ஓட்டை தெரியவந்தபோது, உலாவிகள் மட்டுமல்லாமல், உலாவியைத் தன்னுள் கொண்ட எலக்ட்ரான் என்ற சட்டகத்தின் மேல் கட்டிய ஒவ்வொரு செயலியும் தனித்தனியே புதுப்பிப்பு வெளியிட வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் தெரியவந்த ஓட்டையில் பலருக்குத் திருத்துவதைவிடக் கடினமாக இருந்தது, அது தங்களிடம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். ஆகவே ஒவ்வொரு வெளியீட்டோடும் கூறுகளின் பெயர், பதிப்பு, உரிமம் அடங்கிய பட்டியலைச் சேமித்துவையுங்கள். எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்ற இரு வடிவங்கள் இதற்கென்றே உள்ளன. ஓர் எளிய உரைக் கோப்புகூட இல்லாததற்கு மேல். உரிமத்தைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நூலகத்தைப் பயனர் தானே மாற்றிக்கொள்ள வழி விட வேண்டும். தனி டிஎல்எல்லாக வைப்பது அதற்கு எளிய வழி.

எண்களைப் பூட்டுங்கள்

2.4.1 போன்ற எண்ணில் முதல் எண் மாறினால் ஒப்பந்தம் முறிகிறது, நடு எண் மாறினால் புதிய வசதி, கடைசி எண் மாறினால் திருத்தம் மட்டும். இது பொருள்சார் பதிப்பு முறையின் வாக்குறுதி. முதல் எண் 0 என்றால் எந்த வாக்குறுதியும் இல்லை. இது மனிதர்கள் தரும் வாக்கு என்பதால் தவறவும் செய்யும். மேலும் பெரும்பாலும் நிரல் ஒப்பந்தத்தை நினைத்தே எண்ணைக் கொடுக்கிறார்கள், இரும ஒப்பந்தத்தை அல்ல.

தொகுப்பு மேலாளர்கள் (நூலகங்களை இறக்கித் தரும் கருவிகள்) ஒரே கோரிக்கையை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன. ரஸ்ட் மொழியின் கார்கோவில் ‘1.2’ என்று எழுதினால் 1.2-க்கும் 2.0-க்கும் இடையே உள்ள ஆகப் புதியதைத் தேடும். டாட்நெட்டின் நியூகெட்டில் அதே ‘1.2’ என்பது 1.2 அல்லது அதற்கு மேல், அதிலும் கிடைப்பதில் ஆகக் குறைந்தது. ஜாவாவின் மேவன் சார்பு மரத்தில் உங்களுக்கு மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆகவே பூட்டுக் கோப்பைப் பயன்படுத்துங்கள். எந்தப் பதிப்புகள் தேர்வாயின என்பதை அது துல்லியமாகப் பதிந்துவைக்கும். அதை மூலநிரலோடு சேர்த்துப் பாதுகாத்தால், இன்று கட்டியதை ஆறு மாதம் கழித்தும் அதே கூறுகளோடு கட்டலாம். புதுப்பிப்பதைத் தனி வேலையாக, குறித்த நாளில், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பத்து நூலகங்களை ஒரே நாளில் உயர்த்திவிட்டு எது கெடுத்தது என்று தேடுவது வீண் துன்பம்.

ஒரே வீட்டில் இரண்டு பதிப்புகள்

செருகுநிரல்களை ஏற்கும் செயலி எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது. இரண்டு செருகுநிரல்கள் ஒரே நூலகத்தின் இரு வேறு பதிப்புகளை, ஒரே கோப்புப் பெயரில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? முன்பு சொன்ன விண்டோஸ் வரிசையின் முதல் படியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால், இரண்டாவது செருகுநிரலுக்கும் முதலாவதன் பதிப்பே போய்ச் சேரும். எது முதலில் ஏற்றப்படுகிறதோ அதைப் பொறுத்து ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது.

பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்ப்பது, செருகுநிரலுக்குள்ளேயே நூலகத்தை ஸ்டேட்டிக் லிங்கிங் மூலம் அடக்கிவிடுவது, டாட்நெட்டில் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் தனி ஏற்றச் சூழலைக் கொடுப்பது என்று வழிகள் உள்ளன. முடியுமானால் ஒவ்வொரு செருகுநிரலையும் தனிப் புராசஸில் ஓட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. வேலை கூடும்தான். ஆனால் ஒரு செருகுநிரல் விழுந்தால் பயனர் எழுதிக்கொண்டிருந்த ஆவணம் போகாது.

சுத்தமான கணினி

உங்கள் கணினியில் சோதிப்பது சோதனையே அல்ல. அங்கே எல்லா நூலகங்களும் ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றன. புதிதாக நிறுவிய மெய்நிகர் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெளியீட்டையும் அதில் ஓட்டுங்கள். விண்டோஸின் புரோ பதிப்பில் வரும் சாண்ட்பாக்ஸ் வசதி, மூடியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்த முறை புதிதாகத் திறப்பதால் இதற்கு மிகவும் ஏற்றது. செயலி திறந்தால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். அச்சிடுதல், ஏற்றுமதி, செருகுநிரல் என்று, கூறுகளைத் தாமதமாக ஏற்றும் எல்லாப் பகுதிகளையும் ஒருமுறை தொட வேண்டும்.

நீக்குவதையும் சோதியுங்கள். உங்கள் கோப்புறையில் நீங்கள் வைத்ததை மட்டும் நீக்குங்கள். பொது இயக்கநேரத்தை உங்கள் நிறுவிதான் கொண்டுவந்தது என்றாலும் போகும்போது எடுத்துக்கொண்டு போகக்கூடாது, இதற்குள் வேறு யாரோ அதை நம்பத் தொடங்கியிருப்பார்கள். சுத்தமான கணினியில் உங்கள் செயலியை நிறுவுங்கள். அதே இயக்கநேரத்தைப் பயன்படுத்தும் வேறொரு செயலியையும் நிறுவுங்கள். பிறகு உங்களுடையதை நீக்கிவிட்டு, மற்றது இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள்.